புதுப்பிப்பு: ஆடியோ இன்டர்ஃபேஸில் பவர் சப்ளை இரைச்சலை அளந்தேன்

ஆசிலாஸ்கோப் (மின்னலைகளைத் திரையில் காட்டும் கருவி) இல்லாமல், ஒலியைக் கணினிக்குள் பதிவுசெய்யும் ஆடியோ இன்டர்ஃபேஸை வைத்தே 12 வோல்ட் லீனியர் சப்ளையின் இரைச்சலை அளக்க முடியுமா என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். முடிகிறது.

சப்ளையின் 12 வோல்ட் டிசி மின்னழுத்தம் இன்டர்ஃபேஸுக்குள் போகாமல் தடுக்க ஒரு கெப்பாசிட்டர் போதும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சப்ளையை இயக்கும் கணத்தில் 12 வோல்ட் முழுவதும் கெப்பாசிட்டரைத் தாண்டி உள்ளீட்டில் பாயும். ஆகவே 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டருக்குப் பின் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, அதன் பிறகு இரண்டு 1என்4148 டயோடுகளை எதிரெதிராகத் தரைக்கு இணைத்தேன். அந்த உதை ஏறத்தாழ முக்கால் வோல்ட்டில் அடங்கிவிடுகிறது. மில்லிவோல்ட் அளவு இரைச்சலை டயோடுகள் தொடுவதே இல்லை. லைன் உள்ளீடுதான், ஃபாண்டம் பவர் (மைக்குக்காக இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்னழுத்தம்) அணைந்தே இருக்க வேண்டும்.

பதிவின் அதிர்வெண் வரைபடத்தில் 100 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் உச்சங்கள் தெரிந்தன. 50 ஹெர்ட்ஸ் ஏசியின் இரு அரை அலைகளையும் டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையரின் முத்திரை அது. 50 ஹெர்ட்ஸில் நின்ற உச்சமோ, மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் மறைந்தது: தரைச்சுற்று, அதாவது இரு கருவிகளின் தரை இணைப்புகள் வளையமாகி இரைச்சல் நுழைவது! சப்ளையைக் குறைசொல்லும் முன் இதைச் செய்து பாருங்கள்.

96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தெரியாது. எனவே ஸ்விட்சிங் சப்ளைகளின் முக்கிய இரைச்சலுக்கு இந்த முறை உதவாது. அவற்றின் மெயின்ஸ் பக்கத்தில் (வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் பக்கம்) இந்த அளவீட்டுக் கம்பியை ஒருபோதும் வைக்காதீர்கள். இன்டர்ஃபேஸின் தரை யூஎஸ்பி வழியே கணினியின் உடலோடு, அதைத் தொடும் உங்கள் கையோடு இணைந்திருக்கிறது.