மார்ச் மாதத்தில் சைக்கிளோடு எங்கே போகலாம்: கடற்கரையா, மலையா?

பொருநைக்கரை எழுதியது:

பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் நால்வர் மார்ச் இரண்டாம் வாரத்தில் மூன்று நாள் விடுப்பெடுத்து, சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வெளியூர் போய் ஓட்டிவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். நால்வரிடமும் இருப்பவை மெல்லிய டயர் கொண்ட ரோடு பைக்குகள் என்பதால் நல்ல தார்ச்சாலை வேண்டும். நாளொன்றுக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் போதும். எங்களில் ஒருவர் அறுபது வயதை நெருங்குகிறார். காரில் ஐந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார விருப்பமில்லை. மாசி பிறந்ததுமே இங்கே வெயில் ஏறத் தொடங்கி, மார்ச் நடுவில் பகல் வெப்பம் 35 பாகையை ஒட்டி வந்துவிடுவதால், அதைவிடத் தணிவான ஊர் எது என்பதுதான் எங்கள் கேள்வி. கொடைக்கானலை நாங்களே கழித்துவிட்டோம். 2024 மே மாதத்திலிருந்து அங்கே செல்ல இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பது சிறிய தொல்லை. மேலே போன பிறகு ஏரியைச் சுற்றுவது போக, நீண்ட தூரம் சீராக ஓட்டச் சாலை குறைவு என்பது பெரிய தொல்லை.

உவரிக் காற்று எழுதியது:

தம்பி, மலையை நோக்கிக் காரைத் திருப்புவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் கடலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். திருச்செந்தூரில் தொடங்கி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி வரை போகும் சாலை ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர் இருக்கும்; அதில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. கடல்நீர் மெதுவாகச் சூடேறுவதால், மார்ச் மாதத்தில் கன்னியாகுமரியின் பகல் வெப்பம் பாளையங்கோட்டையைவிட இரண்டு, மூன்று பாகை குறைவாகவே நிற்கும். முற்பகலில் கடற்காற்றும் எழுந்துவிடும். விடியுமுன் புறப்பட்டால் ஒன்பது மணிக்குள் அன்றைய தூரம் முடிந்துவிடும். பிறகு வெயில் எவ்வளவு அடித்தால் உங்களுக்கென்ன? போகவர மொத்தம் பத்து மணி நேரம் காரிலேயே முதுகை ஒடித்துக்கொண்டு, நடுவில் கொஞ்சம் மிதிப்பதைச் சைக்கிள் பயணம் என்று நான் ஒப்ப மாட்டேன்.

வளைவு பதினேழு எழுதியது:

அண்ணாச்சி சொல்லும் இரண்டு பாகைக்காக ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டுமா? கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் ஏறக்குறைய ஆறரை பாகை வெப்பம் குறையும் என்பது பள்ளிப் பாடம். நெல்லை ஐம்பது மீட்டர் உயரங்கூட இல்லை. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. ஒன்பது பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கும். இரவில் போர்வை தேவைப்படும். போடிநாயக்கனூரில் காரை நிறுத்திவிட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடைந்து, பூப்பாறை, ஆனையிறங்கல் வழியாக மூணாறு போனால், ஒரே நாளில் எழுபது கிலோமீட்டரும் ஆயிற்று, வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொள்ள ஒரு ஏற்றமும் ஆயிற்று.

அம்பைக்காரன் எழுதியது:

நம் ஊரை எல்லோரும் மறந்துவிட்டது வருத்தமாக இருக்கிறது. குற்றாலத்தில் தங்கிக்கொண்டு, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகத் தென்மலை வரை போய்த் திரும்பலாம். இரு பக்கமும் காடு. 1904இல் தொடங்கிய ரயில்பாதையின் பதிமூன்று கண் பாலம் வழியிலேயே இருக்கிறது. மறுநாள் கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று மலையடிவாரத்திலேயே ஓட்டலாம். அனுமதி கிடைத்தால் மாஞ்சோலையும் இருக்கிறது.

தென்காசிச் சாரல் எழுதியது:

அம்பைக்காரரே, நான் தென்காசியில்தான் குடியிருக்கிறேன். என் ஊரை நானே விட்டுக்கொடுப்பதாக எண்ண வேண்டாம். குற்றாலம் குளிர்வது தென்மேற்குப் பருவக்காற்றால்தான். அது வருவது சூன் மாதத்தில். மார்ச்சில் அருவி வறண்டு, பாறை சூடேறிக் கிடக்கும். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் குளிரும் என்பதும் சரியன்று. கேரளத்தில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மிகுந்த வெப்பம் பதிவாகும் ஊர்களில் தென்மலைக்கு அடுத்திருக்கும் புனலூரும் ஒன்று. கோடையின் தொடக்கத்தில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதே கணவாய் வழியாகத்தான் மேற்கே இறங்குகிறது. இதோடு, புளியரை எஸ் வளைவில் கல்லும் எம்-சாண்டும் ஏற்றி வரும் டாரஸ் லாரிகளுக்கு இடையில் மெல்லிய டயரோடு ஓட்டும் துணிவு எனக்கில்லை.

அடிவாரச் சாலையின் கதை வேறு. அந்தச் சமயத்தில் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனமெங்கும் பிசானப் பருவ நெல் அறுவடை நடக்கும். அறுப்பு இயந்திரமும் டிராக்டரும் சாலையை நிறைத்திருக்கும். பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். உழவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கு வேறு களம் ஏது? ஆனாலும் வைக்கோல்மேல் ரோடு பைக் வழுக்குவது வழுக்குவதுதான். மாஞ்சோலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சைக்கிளில் போகும் இடமென்று அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்டு, பிறகு கம்பம் நகருக்குள் வந்து நின்ற அரிக்கொம்பன் என்னும் காட்டு யானையை 2023 சூனில் கொண்டுவந்து விட்டதும் இதே களக்காடு முண்டந்துறைக் காட்டின் மேல்கோதையாற்றுப் பக்கந்தான்.

வளைவு பதினேழு தம்பிக்கு ஒரு சொல். போடிமெட்டுச் சாலை மலையின் கிழக்கு முகத்தில் ஏறுகிறது. அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றத்தையும் காலை வெயிலை உடம்பில் வாங்கிக்கொண்டே கடக்க வேண்டும். குளிர்ச்சி தேடிப் போகிறவர் பயணத்தின் மிகக் கடினமான இரண்டு மணி நேரத்தை அந்த வட்டாரத்தின் மிகச் சூடான சரிவில் கழிப்பார். காய்ந்த புல்மலைகளில் தீப்பிடிக்கும் காலமும் அதுதான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் மலையேறச் சென்ற 23 பேர் மாண்டது போடிக்குப் பக்கத்தில் அல்லவா? சாலையில் போகிறவருக்கு அந்த அளவு ஆபத்தில்லை. இருந்தாலும் புகைக்குள் மூச்சு வாங்கி ஏறுவது அறுபதை நெருங்குபவருக்கு ஆகாது.

நான் சொல்வது குமுளி. காரிலேயே மலையேறிவிடுங்கள். திருவில்லிபுத்தூர், தே. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி வழியாகத் தேனி, அங்கிருந்து கம்பம், லோயர் கேம்ப், குமுளி. ஐந்து மணி நேரப் பயணம். குமுளி ஏறத்தாழ 900 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து அணக்கரை, புளியன்மலை வழியாக நெடுங்கண்டம் போகும் சாலை, ஏலமலையின் மேல்தளத்திலேயே, 900 மீட்டருக்கும் 1,100 மீட்டருக்கும் இடையில் ஏறியும் இறங்கியும் ஓடுகிறது. உயரம் வேண்டும், ஆனால் உயரத்துக்கு ஏறும் பாடு வேண்டாம் என்கிறவர்களுக்கு இதைவிட வாய்ப்பான சாலை நம் தெற்கில் எனக்குத் தெரிந்து இல்லை.

உவரிக் காற்று எழுதியது:

சகோதரியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 900 மீட்டர் என்றால் ஐந்தரை பாகைதான் குறையும்; அதாவது பகலில் முப்பதை ஒட்டி இருக்கும். கடற்கரையில் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. இந்த மூன்று பாகைக்குத்தானா ஐந்து மணி நேரக் கார், பெட்ரோல் செலவு எல்லாம்? அது மட்டுமன்று. மேல்தளம் என்று நீங்கள் சொல்வதில் நூறு மீட்டருக்கு எட்டு, பத்து மீட்டர் எழும்பும் சிறுசிறு ஏற்றங்கள் ஓயாமல் வரும். நீண்ட ஏற்றத்தைவிட அவைதாம் வயதானவரின் முழங்காலைக் கெடுப்பவை. தேனி மாவட்டத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடியற்காலையில் எந்த வேகத்தில் போகின்றன என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். மார்ச் நடுவில் பங்குனி மாதப் பூசைக்காகச் சபரிமலை நடை ஐந்து நாள் திறந்திருக்கும். நம் மாநில வண்டிகளில் பெரும்பகுதி குமுளி வழியாகத்தான் போகும்.

தென்காசிச் சாரல் எழுதியது:

ஐயா சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அவற்றிலிருந்து நீங்கள் கண்ட முடிவை நான் ஏற்கவில்லை.

வெப்பமானியில் தெரியும் மூன்று பாகை நிழலில் அளந்தது. ஓட்டுகிறவர் நிழலில் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. ஏலம் மரநிழலில் மட்டும் வளரும் பயிர் என்பதால், அந்த வட்டாரத்தில் உயர்ந்த மரங்களை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். சாலையின் பெரும்பகுதிக்கும் அந்த நிழல் விழுகிறது. உங்கள் கடற்கரைச் சாலையில் இருப்பது பனை. பனைமர நிழலில் ஒதுங்கலாம் என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம். மணப்பாட்டைத் தாண்டினால் தேரி என்னும் செம்மணல் மேடுகளின் அனல் வேறு.

அடுத்தது ஈரம். கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. இரவிலும் அங்கே வெப்பம் இருபத்தைந்துக்குக் கீழே எளிதில் இறங்காது. ஒரு நாள் மட்டும் ஓட்டுகிறவர் அதைத் தாங்கிக்கொள்வார். மூன்று நாள் தொடர்ந்து ஓட்ட வேண்டியவர் இரவில் நன்றாக உறங்கி எழ வேண்டும். குமுளியில் அது கிடைக்கும். ஒன்பது மணிக்குள் முடித்துவிடலாம் என்கிறீர்கள். மார்ச் நடுவில் சூரியன் உதிக்க ஆறரை ஆகிறது. ஒன்பது மணிக்குள் எழுபது கிலோமீட்டர் வேண்டுமென்றால் இருட்டிலேயே புறப்பட வேண்டும். மாடு படுத்திருக்கும் சாலையில், மீன் ஏற்றிப் பறக்கும் வண்டிகளுக்கு நடுவே.

ஜீப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டது சரியன்று, சொல்லிவிடுகிறேன். அவை காலையில் மேலே ஏறும், மாலையில் கீழே இறங்கும். ஆகையால் கம்பத்திலிருந்து மேலே ஏறும் கம்பம்மெட்டுச் சாலையை அறவே தவிர்த்து, மேல்தளத்தில் எட்டு மணிக்குப் பிறகு புறப்பட்டு, பிற்பகல் இரண்டுக்குள் முடிப்பது நல்லது. எட்டு மணிக்குப் புறப்பட்டாலும் கெடுதல் இல்லாத ஊர் என்பதுதானே அந்த இடத்தின் சிறப்பு! சபரிமலை வண்டிகள் வண்டிப்பெரியாற்றுப் பக்கம் திரும்பிவிடும். நாம் போவது புளியன்மலைப் பக்கம். நெரிசல் என்றால் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில்களுக்குப் போகும் வேன்களையும், மாசித் திருவிழாவின்போது திருச்செந்தூர்ச் சாலையையும் கடற்கரைக் கணக்கிலும் எழுத வேண்டும்.

வளைவு பதினேழு எழுதியது:

அக்காவின் கிழக்கு முகம் பற்றிய கருத்துக்கு என்னிடம் மறுப்பில்லை. காலையில் ஏறுவது துன்பந்தான். ஆனால் அதே மலை, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தன் நிழலைத் தானே சரிவின்மேல் போட்டுக்கொள்கிறதே? அப்போது ஏறினால் என்ன? மூணாற்றை மொத்தமாகத் தள்ளுவது நியாயமில்லை. நெரிசலுக்கு அஞ்சுகிறவர்கள் வேலைநாளில் போகலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கும் மாதமாகையால் குடும்பங்கள் சுற்றுலா கிளம்புவது குறைவு. ஏப்ரல், மே மாதங்களைவிட அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வீட்டிலும் குழுவிலும் பேசிப் பார்த்தோம். அறுபதை நெருங்கும் எங்கள் நண்பர், நிழலும் இரவுத் தூக்கமும் வேண்டும் என்று குமுளிக்கே வாக்களித்துவிட்டார். முதல் நாள் புளியன்மலை வரை போய்த் திரும்புவது, ஐம்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். இரண்டாம் நாள் நெடுங்கண்டம் வரை, முடியாதவர் பாதியில் திரும்பலாம். மூன்றாம் நாள் ஓட்டாமல் ஊர் திரும்புவது. உவரி அண்ணாச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்களில் இருவருக்கு இன்னும் ஓர் ஆசை இருக்கிறது. திரும்பும் நாளில் அவர்கள் மட்டும் போடி வழியாக வந்து, பிற்பகலில் அந்தப் பதினேழு வளைவையும் ஏறி இறங்கட்டுமா?

உவரிக் காற்று எழுதியது:

கோபமில்லை தம்பி. ஆனால் நான் சொன்னது சொன்னதுதான்: மூன்று நாள் விடுப்பில் ஏறக்குறைய ஒரு பகலைக் காருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள்தான் ஓட்டப் போகிறீர்கள். கடற்கரையில் மூன்று நாளும் ஓட்டியிருக்கலாம். அது உங்கள் விருப்பம்.

தென்காசிச் சாரல் எழுதியது:

போடிமெட்டு ஏறலாம்; ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். மூன்று மணிக்கு அடிவாரத்து முந்தலில் தொடங்கினால், ஏறி முடிப்பதற்குள் தோட்டத்து ஜீப்புகள் இறங்கத் தொடங்கிவிடும். உங்களோடு சேர்ந்தே இறங்கவும் செய்யும். ஆகவே உச்சியில் அவை குறையும் வரை தேநீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள். ஆனால் ஆறரைக்குள் வெளிச்சம் போய்விடும் என்பதால், காத்திருக்க நேரமில்லையென்றால் இறங்குவதைக் காருக்கு விட்டுவிடுங்கள். ஏறுவதற்கு முன்பக்கச் சிறு பல்சக்கரம் 34 பல்லும், பின்பக்கப் பெரியது குறைந்தது 30 பல்லும் இருக்க வேண்டும். சமவெளியில் ஓட்டும் 25 பல்லோடு போனால் ஐந்தாம் வளைவிலேயே இறங்கித் தள்ள நேரும். இருவரில் யாருடைய வண்டியிலாவது கார்பன் சக்கர விளிம்பும், அந்த விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக்கும் இருந்தால் அந்த வண்டி கீழே காரில்தான் வர வேண்டும். தொடர்ந்து பிரேக் பிடித்தபடி இறங்கும்போது விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக் என்றாலும் விடாமல் அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் விட்டுவிட்டுப் பிடியுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் பிரேக் பட்டையின் தேய்மானத்தைக் கடையில் காட்டிவிடுங்கள்.