புதுப்பிப்பு: வெளிநாட்டில் செமஸ்டரா, இன்டர்ன்ஷிப்பா?

பன்னாட்டு வணிகம் படிக்கிற நான், வெளிநாட்டு அனுபவத்துக்கு எது நல்லது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டம் வழியாக ஒரு செமஸ்டர் என்று முடிவாகி, வந்தும் சேர்ந்துவிட்டேன். நீங்கள் வற்புறுத்திய லேர்னிங் அக்ரிமென்டில் (இங்கே என்னென்ன பாடம் படிப்பேன், அவை என் பட்டத்துக்கு எப்படிச் சேரும் என்ற ஒப்பந்தம்) நான், என் பல்கலைக்கழகம், இங்குள்ள பல்கலைக்கழகம் மூன்று தரப்பும் கையெழுத்திட்டாயிற்று; 30 ஈசிடிஎஸ் கிரெடிட்டும் (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுவான பாட மதிப்பு அலகு) என் பட்டக் கணக்கில் சேரும். (விசாவுக்குக்கூட இவ்வளவு அலையவில்லை!)

வகுப்பில் பிடித்தது பேரப் பயிற்சி. பன்னாட்டு விற்பனையில் செலவும் ரிஸ்க்கும் யாருடையது என்று பிரிக்கிற இன்கோடர்ம்ஸ் 2020-இன் 11 விதிகளும் மனப்பாடம்தான். ஆனாலும் அவற்றில் ஒன்றான சிஐஎஃப்-இல் (சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்தது) கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் கட்ட, ரிஸ்க் மட்டும் சரக்கு கப்பலேறியதுமே வாங்குபவர் தலையில் விழுகிறது என்பது, வாங்குபவராக எதிரில் உட்கார்ந்தபோதுதான் சுரீரென்று உறைத்தது.

இன்டர்ன்ஷிப்பைக் கைவிடவில்லை. செமஸ்டர் முடிந்ததும் விண்ணப்பிப்பேன்.