மறு: ரிவர்பரேஷன் மேப்பிங்: எதிரொளியா, சுணக்கமா?

(கருந்துளையைச் சுற்றிய வட்டின் ஒளி மாறி எத்தனை நாள் கழித்து வெளியே உள்ள வாயு மேகங்களின் ஒளி மாறுகிறது என்று அளக்கும் வானியல் முறைதான் ரிவர்பரேஷன் மேப்பிங். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழையில் வந்த இரண்டு யோசனைகளுக்கு என் மறுமொழி.)

> எதிரொலி இருக்கிறது. ஓரெழுத்தை மாற்றி ‘எதிரொளி’ என்றால் வேலை முடிந்தது.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் பள்ளிப் பாடநூலில் எதிரொளிப்பு என்றால் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி. இங்கே கருந்துளையைச் சுற்றிய வட்டின் புற ஊதா ஒளியை வெளியே சுழலும் வாயு மேகங்கள் விழுங்கி, ஹெச்-பீட்டா (ஹைட்ரஜனின் ஒரு நிறமாலை வரி) போன்ற தமக்கே உரிய வரிகளாக உமிழ்கின்றன. நமக்கு வருவது வேறு ஒளி.

> ‘சுணக்கம்’ போதாதா?

எனக்கும் பிடித்த சொல். ஆனால் ‘வேலையில் சுணக்கம்’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு மேகம் சோம்பிக் கிடப்பதாகத் தோன்றும். பாவம், அதன்மேல் பழி இல்லை! அந்த அடர்த்தியில் அயனி எலக்ட்ரானைப் பிடித்து ஒளிவிடச் சில நிமிடங்கள் போதும். தாமதம் முழுக்க, ஒளி மேகம் வழியாகச் சுற்றி வரும் வழியின் நீளத்தால் வருவது. என்.ஜி.சி. 5548 என்ற விண்மீன் மண்டலத்தை 1988 கடைசியிலிருந்து மாதக்கணக்கில் கண்காணித்தார்கள். வட்டின் வெளிச்சம் ஏறி ஏறத்தாழ 20 நாள் கழித்தே ஹெச்-பீட்டா ஏறியது. 20 ஒளிநாள், அதாவது ஒளி 20 நாளில் கடக்கும் தூரம், என்றால் சுமார் 52,000 கோடி கிலோமீட்டர். அன்றைய எந்தத் தொலைநோக்கியும் பிரித்துக் காட்ட முடியாத அளவு. வரியின் அகலம் மேகங்களின் வேகத்தைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தால் கருந்துளையின் நிறை வந்துவிடும். (இதே மண்டலத்தில் வேறு ஆண்டுகளில் தாமதம் ஒரு வாரத்துக்கும் கீழே போயிருக்கிறது. எனவே சொல்லுக்குள் எந்தக் கால அளவும் ஒளிந்திருக்கக் கூடாது.)

என் பரிந்துரை: பிந்தொளி. பிந்திய ஒளி, பிந்துகின்ற ஒளி, பிந்தும் ஒளி என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. வட்டின் ஒளிக்கு ‘முந்தொளி’ என்று இணை தானாக அமைகிறது. இடையிலுள்ள நாள் கணக்கை வெறும் ‘பிந்தல்’ என்றே எழுதலாம்: “ஹெச்-பீட்டாவின் பிந்தல் 20 நாள்.”

மேப்பிங் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். 1982-இல் வானியற்பியலாளர்கள் பிளாண்ட்ஃபோர்டும் மெக்கீயும் ‘ரிவர்பரேஷன் மேப்பிங்’ என்ற பெயரை வைத்தபோது மேகங்களின் படத்தையே எதிர்பார்த்தார்கள். பெரும்பாலான தரவில் கிடைப்பதோ ஒரே ஓர் எண், சராசரி ஆரம். அதற்குப் ‘பிந்தொளி அளவீடு’ போதும். வரியை வேகவாரியாகப் பிரித்துப் பிந்தலைக் காணும் ஆய்வுகளுக்கு மட்டும் ‘பிந்தொளி வரைவு’ என்போம்.

வட்டின் ஒளி மாற்றம் எந்தெந்தப் பிந்தலில் எவ்வளவு வரி ஒளியாகத் திரும்புகிறது என்று சொல்லும் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனுக்கு ‘மறுமொழிச் சார்பு’ சரிவருமா? கணிதக்காரர்கள் சொல்லுங்கள்.