புதுப்பிப்பு: இடப்பக்கம் தொலைந்தவர்கள்

பக்கவாதத்தில் மூளையின் வலது பெரைட்டல் மடல் (உச்சிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பகுதி) பாதிக்கப்பட்டால் சிலருக்கு இடப்பக்க உலகமே இல்லாமல் போய்விடும் என்று முன்பு எழுதியிருந்தேன். கடிகாரம் வரையச் சொன்னால் எண்களையெல்லாம் வலப்பாதியிலேயே நெருக்கியடித்து எழுதுவார்கள். ‘அப்படியானால் கோளாறு கண்ணில்தானே?’ என்று பலர் கேட்டிருந்தீர்கள். கண் பாவம், அதன்மேல் பழி போட வேண்டாம்.

1978இல் பிசியாக், லுசாட்டி என்ற இத்தாலிய ஆய்வாளர்கள் இத்தகைய இரு நோயாளிகளிடம், மிலான் பேராலயச் சதுக்கத்தை மனக்கண்ணில் கண்டு விவரிக்கச் சொன்னார்கள். பேராலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணியபோது பெரும்பாலும் வலப்பக்கக் கட்டடங்களே வாயில் வந்தன. பேராலய வாசலில் நின்று எதிர்ப்புறம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், சற்றுமுன் விட்டுப்போனவை சரளமாக வந்தன. முதலில் சொன்னவை காணாமல் போயின! நினைவு அப்படியே இருக்கிறது. கவனம்தான் இடப்பக்கம் திரும்ப மறுக்கிறது.