சூப் பக்கற்றில் செய்யும் இறால், கணவாய் பாஸ்டா உப்புக் கரிக்கிறது, கட்டிபடுகிறது: எங்கே திருத்த வேண்டும்?

உவர்மலை எழுதியது:

வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்துக்குள் இரவுச் சாப்பாட்டை ஆயத்தப்படுத்த வேண்டிய நாட்களுக்கென்று, ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் ஒரு செய்முறையை அனுப்பியிருந்தார். உள்ளியையும் வெங்காயத்தையும் பட்டரில் வதக்கி, இறாலையும் கணவாயையும் சேர்த்து, ஒரு ரின் காளான் கிறீம் சூப்பையும் அரை ரின் பாலையும் ஊற்றிக் கொதிக்கவிட்டு, தேசிக்காய் பிழிந்து, அவித்த பாஸ்டாவை அதில் புரட்டி எடுப்பதுதான் முழுச் செய்முறையும். நான் வழக்கமாகப் போகும் கடையில் ரின் சூப் இல்லாதபடியால், பக்கற்றில் வரும் காளான் கிறீம் சூப் தூளை வாங்கினேன். பக்கற்றின் பின்புறத்தில் 750 மில்லிலீற்றர் நீர் சேர்க்குமாறு எழுதியிருந்தது. ஆனால் அவ்வளவு நீர் விட்டால் சூப்பாகிவிடுமே என்று எண்ணி, கொதித்துக்கொண்டிருந்த 300 மில்லிலீற்றர் பாலில் தூள் முழுவதையும் கொட்டிக் கலக்கினேன்.

தூள் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு, எவ்வளவு கிண்டியும் கரையவில்லை. குழம்பு வாயில் வைக்க முடியாத அளவுக்கு உப்புக் கரித்தது. தேசிக்காய் பிழிந்தவுடன் பால் திரைந்தது. கணவாய் இறப்பர் போல இருந்தது. இவை போதாதென்று, தாச்சியில் தளதளவென்றிருந்த பாஸ்டா மேசைக்கு வந்து கொஞ்ச நேரத்தில் ஒரே பாளமாக இறுகிவிட்டது. வீட்டில் நாங்கள் மூவர். 250 கிராம் பாஸ்டா அவிப்போம். இறாலும் கணவாயும் காலையில் சந்தையில் வாங்கியவை, பகல் முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தவை. ஆகவே மீனில் பழுது இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ரின் சூப் இல்லாமல் இந்தச் செய்முறையைச் சரியாகச் செய்ய வழி உண்டா?

கொட்டியாரம் எழுதியது:

தங்கச்சி, உங்கள் மச்சாள் அனுப்பிய செய்முறையில் பிழையில்லை. அவருடைய ரின்னும் உங்களுடைய பக்கற்றும் ஒரே பொருளல்ல என்பதுதான் சிக்கல். வட அமெரிக்காவில் சமையலுக்குப் பயன்படுத்தும் ரின் சூப் பெரும்பாலும் நீரைக் குறைத்துச் செறிவாக்கப்பட்டது. காம்பெல் நிறுவனத்தில் வேலைபார்த்த ஜோன் டொரன்ஸ் என்ற வேதியியலாளர் 1897 ஆம் ஆண்டில் அந்த முறையை உருவாக்கினார். அதே நிறுவனத்தின் காளான் கிறீம் சூப் 1934 இல் விற்பனைக்கு வந்த பிறகு, அங்குள்ள வீடுகளில் அது குடிக்கும் சூப் என்பதைவிடக் குழம்புக்கு அடித்தளம் என்றே அதிகம் பழகிவிட்டது. ஏறத்தாழ 300 கிராம் கொண்ட அந்த ரின்னுக்கு இன்னொரு ரின் நீரோ பாலோ சேர்த்தால்தான் சூப்பின் பதம் வரும். அதாவது அதற்குள் இருக்கும் உப்பு ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் சூப்புக்கான உப்பு. உங்கள் பக்கற்றில் இருப்பதோ 750 மில்லிலீற்றருக்கான உப்பு. அதை 300 மில்லிலீற்றரில் கரைத்தால் உப்பு இரண்டரை மடங்காகிவிடும். பாஸ்டா அவித்த நீரிலும் வழக்கம்போல உப்பிட்டு, உப்புச் சேர்த்த பட்டரையும் பயன்படுத்தியிருந்தால் இன்னும் கூடியிருக்கும்.

சூப் தூளைக் குழம்பு என்று எண்ணாமல், உப்பும் மாவும் பால்மாவும் கலந்த ஒரு சேர்மானம் என்று எண்ணி அளந்து போடுங்கள். 250 கிராம் பாஸ்டாவுக்கு அரைப் பக்கற்றுப் போதும். 400 மில்லிலீற்றர் திரவத்தில் அது கரையும்போது உப்பு அளவாக இருக்கும், ஆனால் பதம் சற்றுத் தண்ணீராக இருக்கும். அந்தக் குறையை இரண்டு தேக்கரண்டி சோளமா தீர்த்துவைக்கும், ஏனென்றால் சோளமாவில் உப்பில்லை. தடிப்புக்காகத் தூளைக் கூட்டாதீர்கள். தூளைக் கூட்டுகிற ஒவ்வொரு முறையும் உப்பையும் சேர்த்தே கூட்டுகிறீர்கள். மிஞ்சிய அரைப் பக்கற்றை இறுக மூடும் போத்தலில் போட்டு வையுங்கள், நம்முடைய கடற்காற்றில் திறந்த பக்கற் வெகுவிரைவில் ஈரம் கொண்டுவிடும்.

கட்டிபடுவதற்குக் காரணம் சூடு. மாவுள்ள தூள் கொதிக்கும் திரவத்தில் விழுந்தவுடன் அதன் வெளிப்புறம் வெந்து பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த தூளுக்குள் நீர் புகாதபடி மூடிவிடுகிறது. அதன் பின்னர் எவ்வளவு கிண்டினாலும் பயனில்லை. தூளையும் சோளமாவையும் முதலில் அரைக் கோப்பை குளிர்ந்த நீரில் நன்றாகக் கரைத்து, அடுப்பை மெதுவாக்கி, கிண்டிக்கொண்டே ஊற்ற வேண்டும். ஊற்றிய பின்னர் ஓரிரு நிமிடம் கொதித்தால்தான் சோளமாவின் பச்சை மணம் போகும்.

தேசிக்காயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சொதிக்கு எப்போது புளி விடுவீர்கள்? அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதானே. பாலிலுள்ள புரதம் சூடும் புளிப்பும் ஒன்றுசேரும்போதுதான் விரைவாகத் திரையும். ஆகவே இங்கேயும் பாஸ்டாவைப் புரட்டி, தாச்சியை இறக்கி, கொதி அடங்கிய பின்னர் பிழியுங்கள். மூவருக்கான குழம்புக்கு அரைத் தேசிக்காய் போதும்.

கிண்ணியாத் துறை எழுதியது:

மேலே சொன்னவற்றை ஏற்றுக்கொண்டு, கடலுணவு பற்றி மட்டும் எழுதுகிறேன், சகோதரி. கணவாயை ஓரிரு நிமிடத்தில் வதக்கி இறக்க வேண்டும், அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் மெல்லிய தீயில் வேகவைக்க வேண்டும். இடைப்பட்ட நேரம் எதுவும் அதற்கு ஒத்துவராது. முதல் இரண்டு நிமிடத்தில் தசை இன்னும் இறுகுவதில்லை. அதைத் தாண்டினால் சுருங்கி இறுகிவிடும். நீண்ட நேரம் வெந்த பிறகுதான் அதன் இணைப்புத் திசு கரைந்து மீண்டும் மிருதுவாகும். உங்கள் செய்முறைப்படி கணவாயை முதலில் போட்டு, சூப் கொதித்துத் தடிக்கும்வரை தாச்சியிலேயே வைத்திருந்தால், அது மிகச் சரியாக அந்தக் கெட்ட இடைவெளிக்குள்தான் விழுகிறது. இறாலுக்கும் இரண்டு மூன்று நிமிடம் போதும். அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடும் அளவுக்குச் சுருண்டுவிட்டால் வேக்காடு கூடிவிட்டது என்று பொருள்.

ஆகவே இரண்டையும் நன்றாக ஈரம் ஒற்றி, தாச்சி நன்றாகக் காய்ந்த பிறகு தனித்தனியாக வதக்கி, ஒரு கோப்பையில் எடுத்து வைத்துவிட்டு, குழம்பு முழுவதும் ஆயத்தமான பிறகே மீண்டும் சேருங்கள்.

இன்னொன்று. இறாலின் தலையையும் கோதையும் குப்பையில் போடுகிறீர்கள் என்றால், கடைச் சூப்பில் இல்லாத சுவையைத்தான் வீசுகிறீர்கள். அவற்றை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலோ பட்டரிலோ செம்மஞ்சள் நிறம் இறங்கும்வரை வதக்கி, இரண்டு கோப்பை நீர் விட்டு, பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து, தலைகளைக் கரண்டியால் நசுக்கி வடித்தெடுங்கள். அந்த நிறம் கொழுப்பில் கரைவது. அதனால் நீரில் மட்டும் அவித்தால் அது முழுமையாக வராது. பாஸ்டாவுக்கு வைத்த நீர் கொதித்து, பாஸ்டா வேகும் நேரத்துக்குள் இதுவும் முடிந்துவிடும். உங்களுடைய 400 மில்லிலீற்றரில் பாதி இந்தச் சாறாகவும் மீதி பாலாகவும் இருக்கட்டும். பக்கற்றில் காளான் வாசனைதான் இருக்கிறது. கடலின் வாசனை இறால் தலையிலிருந்துதான் வர வேண்டும்.

தேங்காய்ப்பூ எழுதியது:

பசுப்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலை விட்டால் திரைகிற பயமே இல்லையே? உப்புக் கூடினால் ஒரு உருளைக்கிழங்கைப் போட்டு அவித்து எடுத்துவிடலாம், அது உப்பை உறிஞ்சிவிடும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் செய்வோம்.

கொட்டியாரம் எழுதியது:

உருளைக்கிழங்கு உப்பை மட்டும் பிரித்து உறிஞ்சுவதில்லை. குழம்பை உப்போடு சேர்த்துத்தான் உள்ளே இழுக்கிறது, எஞ்சிய குழம்பின் உப்பு அப்படியே இருக்கும். உப்புக் கூடிய குழம்புக்கு உப்பில்லாத பாலோ, சாறோ, கூடுதல் பாஸ்டாவோ சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாஸ்டா நீரிலும் உப்பைக் குறைக்க வேண்டியது இதனால்தான். வழக்கமாக ஒரு லீற்றருக்கு 10 கிராம் வரை இடுவார்கள். சூப் தூள் சேரும் நாளில் முழு நீருக்கும் ஒரு மட்டத் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

தேங்காய்ப்பால் நல்ல யோசனைதான், ஆனால் அதுவும் கடுமையாகக் கொதித்தால் பிரிந்து எண்ணெய் மிதக்கும். முதற்பாலை இறக்குவதற்குச் சற்று முன்னர்தான் விட வேண்டும். என்னுடைய விருப்பத்தைக் கேட்டால், காளான் கிறீம் சூப்போடு தேங்காய்ப்பாலைக் கலக்க மாட்டேன். அந்தத் தூளில் பால்மா ஏற்கெனவே இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று மழுங்கடித்துவிடும். தக்காளிச் சூப் தூள் என்றால் தேங்காய்ப்பால், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தயங்காமல் சேரலாம். அது இத்தாலியர் ஒப்புக்கொள்ளும் பாஸ்டாவாக இராது. நமக்கு அதனால் நட்டமில்லை.

உவர்மலை எழுதியது:

மிக்க நன்றி, அக்கா. கிண்ணியாச் சகோதரருக்கும் நன்றி. பாஸ்டா இறுகிப்போவதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. என் கணவர் பிந்தித்தான் வருவார், அதனால் அவருடைய பங்கு எப்படியும் காத்திருக்கும். மட்டியும் சேர்க்க நினைக்கிறேன், அதை எந்த நேரத்தில் போடுவது?

கொட்டியாரம் எழுதியது:

பாஸ்டா அடுப்பை விட்டு இறங்கிய பின்னரும் குழம்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குழம்பிலுள்ள மாவும் ஆற ஆறத் தடிக்கும். இரண்டும் சேர்ந்துதான் பாளமாகிறது. பக்கற்றில் எழுதியுள்ள நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னரே பாஸ்டாவை வடித்து, வடித்த நீரில் ஒரு பெரிய கோப்பை அளவு கட்டாயம் எடுத்து வையுங்கள். மீதி வேக்காடு குழம்புக்குள் நடக்கட்டும். நீங்கள் விரும்பும் பதத்தைவிட ஒரு படி தண்ணீராக இருக்கும்போதே இறக்கினால், மேசைக்குப் போகும்போது சரியாக இருக்கும். இறுகினால், எடுத்து வைத்த நீரைச் சூடாக்கி ஒன்றிரண்டு மேசைக்கரண்டி விட்டுப் புரட்டுங்கள்; அதில் கரைந்திருக்கும் மாவு குழம்பைப் பிரியவிடாமல் இளக்கும். சும்மா நீரை விட்டால் அந்த வழுவழுப்பு வராது.

பிந்தி வருபவரின் பங்கை முன்கூட்டியே கலந்து வைக்க வேண்டாம். அவருடைய பாஸ்டாவில் சிறிது எண்ணெய் தடவி ஒரு பாத்திரத்திலும், குழம்பை வேறொரு பாத்திரத்திலும், வதக்கிய இறாலைத் தனியாகவும் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நம்முடைய வெக்கையில் சமைத்த கடலுணவை வெளியே விட்டுவைப்பது நல்லதல்ல.

கிண்ணியாத் துறை எழுதியது:

மட்டியைக் கழுவி, உப்பு நீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மணலைக் கக்கவைத்த பின்னர், தட்டிப் பாருங்கள். வாய் திறந்திருந்து தட்டியும் மூடாதவற்றை எறிந்துவிட வேண்டும். தனிச் சட்டியில் அரைக் கோப்பை நீருடன் மூடி, பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களில் வாய் திறக்கும். கடைசிவரை திறக்காதவற்றைச் சாப்பிட வேண்டாம். சட்டியில் மிஞ்சும் நீர் சுவையானது, ஆனால் அதுவே உப்பானது. மெல்லிய துணியில் வடித்து, இறால் சாற்றின் அளவைக் குறைத்துக்கொண்டு சேருங்கள், பாஸ்டா நீருக்கு அன்றைக்கு உப்பே இட வேண்டாம்.

உவர்மலை எழுதியது:

நேற்றிரவு மட்டி இல்லாமல், இறாலும் கணவாயும் மட்டும் வைத்துச் செய்தேன். கட்டிபடவில்லை, உப்பு அளவாக இருந்தது, பாலும் திரையவில்லை. கணவாய் இந்த முறை மிருதுவாக இருந்தது. ஆனால் குழம்பு வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறமாக மாறியது. இறால் சாற்றின் செம்மஞ்சள் நிறம் தெரியவே இல்லை. பழுதாகிவிட்டதோ என்று மகள் தொடத் தயங்கினாள்.

கிண்ணியாத் துறை எழுதியது:

பழுதில்லை, சகோதரி, அது கணவாயின் மை. தலையை இழுத்தெடுக்கும்போது மைப்பை கிழிந்தால் சிறிதளவு உள்ளேயே ஒட்டிக்கொண்டு, சூடு பட்டவுடன் கசியும். வெனிஸ், சிசிலி போன்ற இடங்களில் அந்த மையை வேண்டுமென்றே சேர்த்துக் கறுப்புப் பாஸ்டா செய்கிறார்கள், ஆகவே சாப்பிட்டால் தீங்கில்லை. மகளுக்கு வெள்ளையாக வேண்டுமென்றால், கணவாயின் உட்புறத்தைத் திருப்பிக் கழுவி, மேல் தோலையும் உரித்துவிடுங்கள். வதக்கிய பிறகு கோப்பையின் அடியில் ஊறி நிற்கும் கலங்கல் நீரைக் குழம்பில் ஊற்றாமல், கணவாய்த் துண்டுகளை மட்டும் எடுத்துப் போடுங்கள்.