கம்யூனிட்டி ரிசர்வ்: 'ஊர்க்காப்பிடம்' சரிவருமா?

நண்பர்களே,

காட்டுயிர்களுக்காக மக்களே முன்வந்து காக்கும் நிலமான கம்யூனிட்டி ரிசர்வைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், இங்கே ஐயா ஒருவர் தந்த 'சமூகக் காப்பகம்' என்ற சொல்லை ஓர் ஊர்க்கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "எந்தச் சமூகத்துக்குத் தம்பி?" என்று கேட்டார். நம் பக்கம் சமூகம் என்றால் சாதி. காப்பகம் என்றாலோ பெற்றோர் இல்லாத பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். அத்தோடு அந்தச் சொல்லை மடித்து வைத்துவிட்டேன்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002 திருத்தம் காக்கப்படும் இடங்களில் இரண்டு வகைகளைச் சேர்த்தது. அரசு நிலத்தில் அமைவது கன்சர்வேஷன் ரிசர்வ். தாமிரபரணிக் கரையில் பறவைகள் கூடு கட்டும் திருப்புடைமருதூர் 2005இல் அப்படி அறிவிக்கப்பட்டது. அங்கே மேலாண்மைக் குழு ஆலோசனைதான் சொல்லலாம். தங்கள் நிலத்தைக் காக்க ஊராரோ தனியாரோ தாமே முன்வந்தால் அது கம்யூனிட்டி ரிசர்வ். ஊர் நிலமானால் குழுவில் பஞ்சாயத்து நியமிக்கும் ஐந்து பேராவது இருக்க வேண்டும். வனத்துறைக்கு ஒரே நாற்காலி. நிலப் பயன்பாட்டை மாற்றக் குழு தீர்மானம் போட வேண்டும், அப்புறம் அரசும் ஒப்ப வேண்டும்.

இப்படி ஊரே முடிவெடுப்பதைப் போய் 'பங்கேற்பு மேலாண்மை' என்கிறோம். கல்யாணத்திலும்தான் பங்கேற்கிறோம், பந்தியில் என்ன பரிமாறுவது என்று நம்மையா கேட்கிறார்கள்? முடிவு ஊரிடம் இருப்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். என் பரிந்துரை 'ஊர்க்காப்பிடம்'. குழு, 'ஊர்க்காப்பிடக் குழு'.

*

அருமை. ஆனால் ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குக் 'காப்புக்காடு' ஏற்கெனவே புழங்குகிறதே, 'ஊர்க் காப்புக்காடு' என்றால் என்ன?

*

அம்மா, காப்புக்காடு என்றால் ஆடு நுழைந்தால் வழக்கு என்றுதான் ஊருக்குப் பழக்கம். அந்தப் பயத்தை இதன் தலையிலும் கட்ட வேண்டாம். தவிர, 2007இல் கேரளம் கம்யூனிட்டி ரிசர்வாக அறிவித்த கடலுண்டி-வள்ளிக்குன்னில் அலையாத்தி மரங்களோடு கழிமுகச் சேற்றுத்திட்டுகளும் உண்டு. வலசைப் பறவைகள் இரை தேடுவது அந்தச் சேற்றில்தான். அதைக் காடு என்று எப்படிச் சொல்வது?

*

சரி, 'இடம்' இருக்கட்டும். அப்படியானால் கன்சர்வேஷன் ரிசர்வ் 'பேணிடம்' ஆகலாமா?

*

ஆகலாம், நாக்கில் நன்றாக உட்காருகிறது. ஊர்க்காப்பிடத்தில்தான் எனக்கு ஒரு கவலை: பலகை எழுதுபவர் 'க்'கை விழுங்கிவிடுவார். அதற்கு நான் பொறுப்பில்லை.