அம்மாவின் கால் புண்: வீடியோவில் சிறப்பு மருத்துவரிடம் காட்டியவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கொல்லிமலையில் இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை. வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். நாமக்கல்லில் நேரில் காட்டிவிட்டோம். வாராவாரம் வரச் சொல்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் அம்மா வாந்தி எடுத்தே சுருண்டுவிடுகிறார். அன்றைக்கு எனக்குக் கூலியும் போச்சு.

வீடியோவில் மருத்துவரிடம் பேசும் அரசுச் சேவையான இ-சஞ்சீவனியில் காசு வாங்குவதில்லை என்பதால் வீட்டிலிருந்தே முயன்றேன். பொது மருத்துவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் சிக்னல் விட்டுவிட்டு வந்ததில் புண்ணைச் சரியாகக் காட்ட முடியவில்லை. துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் மூலமாகவே சிறப்பு மருத்துவரிடம் பேசலாம் என்கிறார்கள். யாராவது அப்படிப் பேசியிருக்கிறீர்களா? சர்க்கரைப் புண் பார்க்கும் மருத்துவர் எந்தக் கிழமையில் கிடைப்பார்?

அப்புறம், போட்டோ. ஃபிளாஷ் போட்டால் புண் வெள்ளையாகத் தெரிகிறது. வாசல் வெயிலில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தது பரவாயில்லை. வேறு நல்ல முறை உண்டா?

புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே நேரில் கூட்டிப்போய்விடுவேன், அதில் சந்தேகமே இல்லை. நடுவில் வரும் வாரங்களுக்குத்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.